துளசிச் சட்டி மண்ணில் அமீபா: மூன்றாவது முயற்சி

முதல் இரண்டு தட்டும் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயின. இந்த முறை 200 மில்லி தண்ணீரில் 3 கிராம் அகார்-அகார் தூளை மட்டும் காய்ச்சி ஊற்றினேன். சீனி, சூப்பு எதுவும் சேர்க்கவில்லை. நடுவில் ஒரு சிட்டிகை துளசிச் சட்டி மண், சுற்றிலும் கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்ட்.

4-ஆம் நாள், மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்தால் மண்ணை விட்டு ஊர்ந்து வந்திருக்கின்றன! ஓரமெல்லாம் முள் முள்ளாய் நீட்சிகள். உள்ளே ஒரு தெளிந்த குமிழி மெல்லப் பெருத்துச் சட்டென்று மறைகிறது, மறுபடி பெருக்கிறது. உருவத்தை வைத்து அகந்தமீபா என்ற அமீபா வகை என்றே நினைக்கிறேன். ஒன்று ஈஸ்ட்டை அணைத்து விழுங்கியதை மூச்சடக்கிப் பார்த்தேன்.

லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவையும் இப்படித்தான் விழுங்கும். 1976-ல் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களுக்கு நிமோனியா தந்த கிருமி அது. அமீபாவுக்குள் அது பெருகுவதை 1980-ல் இங்கிலாந்தின் ஆய்வாளர் ரோபோதம் காட்டினார். விழுங்கப்பட்ட கிருமி, தன்னை அடைத்த பையோடு செரிமான நொதிகள் வந்து சேராதபடி தடுத்து, அந்தப் பைக்குள்ளேயே பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். நம் நுரையீரலில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களிடமும் அதே வேலைதான். இந்த ஒற்றுமைதான் என்னை இதில் இழுத்தது. லெஜியோனெல்லாவை நான் வளர்க்கவில்லை, வளர்க்கவும் மாட்டேன்.

9-ஆம் நாள் தட்டு காய்ந்தது, எல்லாம் கூடு கட்டிக்கொண்டன. வெளிச்சுவர் சுருங்கியிருக்க, உட்சுவர் நட்சத்திரம்போல் மூலை மூலையாக இருந்தது. ஜெலுத்தோங்கிலிருந்து மாமா வந்திருந்தார். பல வருடம் கூலிங் டவர் பராமரித்தவர்; பெரிய கட்டடங்களின் ஏர்கோனுக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் அந்தக் கோபுரங்களில்தான் லெஜியோனெல்லா குடியேறும்.

"குளோரின் போட்டா எல்லாம் செத்துடும்லா" என்றார்.

"இந்தக் கூடு தாங்கும் மாமா. உள்ள லெஜியோனெல்லா இருந்தா அதுவும் பிழைச்சுக்கும்."

மாமா வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டவர் உள்ள கிருமி படிஞ்ச வழவழப்பத் தேய்ச்சு எடுக்கணும்னு சொல்வாங்க. அவசரத்துல மருந்து மட்டும் ஊத்திட்டு வந்த நாளும் உண்டுப்பா" என்றார், குரல் தணிந்து.

தட்டை மூன்று வாரம் காயவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரும் ஈஸ்ட்டும் சொட்டினேன். இரண்டாம் நாளே ஊர்ந்தன.

செய்து பார்ப்பவர்கள் கையுறை போடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கூடுதல் கவனம்: அகந்தமீபா கருவிழியைப் புண்ணாக்கிவிடும். முடித்த தட்டுகளை இதற்கென்றே வைத்திருக்கும் பழைய பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைக்கிறேன்.

இப்போது சட்டியின் அடித்தட்டுத் தண்ணீரில் ஒரு கண்ணாடிச் சில்லு கிடக்கிறது, வழவழப்பு படிவதற்காக. ஏடிஸ் கொசு முட்டையிடாமல் மேலே வலை கட்டியாயிற்று.