டேட்டனில் குரங்கு வழக்கு நடந்த கோர்ட்டு

அமெரிக்காவின் சட்டனூகா நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது, டேட்டன் வந்துவிடும். டென்னசி மாநிலத்தின் ரே கவுண்டிக்குத் தலைமையிடம். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர்த் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவே, மரங்களுக்கிடையே 1891-இல் கட்டிய செங்கல் கோர்ட்டுக் கட்டடம். ஒரு மூலையில் மணிக்கூண்டு.

1925 ஜூலையில் இங்கேதான் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மேல் வழக்கு நடந்தது. மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அப்போது புதிதாக வந்திருந்த சட்டம். அதை மீறினாராம். உண்மையில் வழக்கை வலிய இழுத்து வந்தவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள். மருந்துக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஊருக்குப் பெயரும் வியாபாரமும் வரட்டும் என்று போட்ட திட்டம் அது. பெயர் வந்தது. சிகாகோ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது.

வழக்கு நடந்த ஹால் மாடியில் இருக்கிறது. நீதிபதியின் மேடை, ஜூரிகளின் நாற்காலிகள், பார்வையாளர்களின் மர இருக்கைகள் எல்லாம் அன்றைக்கு இருந்தவையே. ஒரு மர இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன், முதுகுக்கு இதமாக இல்லை. ஜூலைப் புழுக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு எப்படித்தான் இருந்தார்களோ!

வேடிக்கை என்னவென்றால், வழக்கின் உச்சக்கட்டம் இந்த ஹாலில் நடக்கவே இல்லை. கூட்டத்தின் பாரத்தில் தளம் இறங்கிவிடுமோ என்ற பயம், அதோடு வெக்கை. ஜூலை 20 அன்று நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை வெளியே புல்வெளிக்கு மாற்றிவிட்டார். அங்கேதான் ஸ்கோப்ஸின் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வக்கீலான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக்கிக் கேள்வி கேட்டார். எல்லாம் பைபிள் கதைகளைப் பற்றி. யோனாவை மீன் விழுங்கியதா? ஆதாமின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து கிடைத்தாள்? ஜூரிகள் இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர்களை முன்பே வெளியே அனுப்பியிருந்தார்கள். மறுநாள் நீதிபதி அந்த வாக்குமூலத்தையும் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்று சொல்ல, 100 டாலர் அபராதம். அந்த அபராதத்தை ஜூரிதான் விதித்திருக்க வேண்டும், நீதிபதி அல்ல என்று 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை ஏட்டில் இருந்தது.

தீர்ப்பான ஐந்தாம் நாள் பிரையன் இதே ஊரில் இறந்துபோனார். கட்டடத்துக்கு வெளியே அவருக்கு 2005-இல் சிலை வைத்தார்கள். டாரோவின் சிலை வர 2017 ஆனது. அதற்கும் ஊரில் எதிர்ப்பு. கீழ்த்தளத்தில் சின்ன அருங்காட்சியகம் உண்டு. ஆனால் நேரம் குறைவென்றால் மாடி ஹாலுக்கே முதலில் போங்கள்.