சாலைக் கம்போளத்துக்கு ஒரு நாள்

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் எல்லாமே மலிவு என்றொரு நினைப்பு நம்ம ஊரில் உண்டு. பெட்ரோலே அங்கே விலை கூடுதல். காரில் போகிறவர்கள் மார்த்தாண்டத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. பூ வாங்காதீர்கள், தோவாளையிலிருந்து போனதை வண்டிக்கூலி சேர்த்துத் திரும்ப வாங்குவதாகத்தான் முடியும். திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெரு வரை போய் வாங்கத் தகுந்தவை கசவு (ஜரிகை) கரை போட்ட கைத்தறித் துணியும் பித்தளை, வெண்கலச் சாமான்களும்தான்.

ஞாயிறு வேண்டாம், பல மொத்தக் கடைகள் திறக்காது. ஓணத்தை ஒட்டிக் கூட்டுறவுக் கைத்தறிக் கடைகளில் தள்ளுபடி கிடைக்கும், நெரிசலும் அப்போதுதான். முந்தின இரவே ஹர்த்தால் உண்டா என்று பார்த்துவிடுங்கள். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருப்பதால் பெரும்பாலும் செய்தியில் முன்கூட்டியே வந்துவிடும்.

நாகர்கோவிலிலிருந்து ரயில்தான் சுகம். பஸ் பாலராமபுரம் சந்திப்பில் மாட்டிக்கொள்ளும். மகளிருக்கான கட்டணமில்லா டவுன் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு சரி, அப்புறம் கேரள பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் தம்பானூர் வாசலை விட்டுவிட்டுப் பவர் ஹவுஸ் ரோடு பக்கம் வெளியேறுங்கள், சாலைக் கம்போளத்துக்கு அதுவே கிட்ட.

துணி மட்டும்தான் என்றால் பாலராமபுரத்திலேயே இறங்கிவிடலாம், பாசஞ்சர் நிற்கும். கைத்தறியா என்று பார்க்கக் கரையோரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் முள் பட்ட சிறு துளைகள், ஒழுங்கற்ற இடைவெளியில் தெரியும். அது மட்டும் போதாது, கைத்தறி முத்திரையும் பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். விலை ஏறுவதும் இறங்குவதும் கசவில்தான்: வெள்ளி இழைமேல் பொன்முலாம் பூசியது ஒரு விலை, பளபளப்பு பாலியஸ்டர் ஜரிகை அதில் சிறு பங்கு. எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை. எட்டு முழ வேட்டி என்று சொல்லி 3.60 மீட்டரும் தருவார்கள், 4 மீட்டரும் தருவார்கள். உயரமானவர்களுக்கு இந்தக் குறைச்சல் கட்டும்போதுதான் தெரியும். பிரித்து அளக்கச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பித்தளைச் சாமானுக்கு உருப்படி இவ்வளவு என்று விலை பேசாதீர்கள். முதலில் தராசில் வைக்கச் சொல்லி, கிலோ என்ன விலை என்று கேளுங்கள். நிலவிளக்கை ஒவ்வொரு கணுவாகக் கழற்றித் திரும்ப முறுக்கிப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால் நிறுத்தியதும் சாயும். பிறகு எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் வார்ப்பில் ஊசித் துளை இருக்கிறது. அந்த விளக்கு பூஜை அறைத் தரையை எண்ணெய்ப் பிசுக்காக்கும், ஈயம் வைத்து அடைத்தாலும் தழும்பு தெரியும். வெண்கல உருளியை (வாயகன்ற சமையல் பாத்திரம்) விரல் கணுவால் தட்டினால் நாதம் நீள வேண்டும். ‘தட்’டென்று நின்றுபோனால் எங்கோ மயிர்க்கீறல், அடுப்பில் ஏற்றியதும் பிளக்கும்.

கனமான சாமானைக் கடைசியாக வாங்குங்கள். கேரள பஸ்ஸில் பெரிய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். பத்மநாபசாமி கோயிலுக்கும் போகிற எண்ணமிருந்தால் காலையில் வெறுங்கையோடு முடித்துவிடுவது உத்தமம், உருளியோடு உள்ளே விடமாட்டார்கள்.