தாளில் ஒரு அங்குலம், காட்டில் ஆறு அங்குலம்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு ரைஃபிள் தேடுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "நூறு கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் குண்டுகள் விழுமா?" என்றுதான். மேசையில் மணல்மூட்டை போட்டுச் சுடுகிறவருக்கு அது சரியான கேள்வி. காட்டில் மேசை ஏது?

மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 8 அங்குல வட்டம். எதிலும் சாயாமல் நின்று சுடும்போது கை ஆட்டம் 100 கஜத்தில் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் சிதறலை இதோடு நேரடியாகக் கூட்டக்கூடாது; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 100 கஜத்தில் 1 அங்குலம் சிதறும் ரைஃபிளில் மொத்தம் 6.1 வரும், 2 அங்குலம் சிதறும் ரைஃபிளில் 6.3. கூடுதல் காசுக்குக் கிடைத்தது கால் அங்குலம்கூட இல்லை! கை ஆட்டத்தை 4 ஆக்கினால் அதே 2 அங்குல ரைஃபிள் 4.5இல் நிற்கும்.

ஆட்டம் குறைய, துப்பாக்கி உடம்போடு பொருந்த வேண்டும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றித் திறந்து பாருங்கள்: ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) முழு வட்டம் தெரிய வேண்டும். இதைக் குளிர்கோட்டோடு செய்யுங்கள்; கடையில் பொருந்திய கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) அப்போது நீளமாகிவிடும். அடர்காட்டில் 26 அங்குலப் பேரல் கிளைகளில் மாட்டும், 20 போதும். 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை 3இல் வைத்தே நடக்க வேண்டும். 9இல் விட்டால் 30 கஜத்து மான் வெறும் ரோமமாகத்தான் தெரியும். 1894இல் வந்த வின்செஸ்டர் 94 ரைஃபிள் துல்லியத்துக்குப் பேர்போனதல்ல. ஆனாலும் சுமக்க லேசு, சட்டென்று தோளுக்கு ஏறும். அதனால்தான் அது காட்டு வேட்டைக்காரர்களிடம் நிலைத்தது.

அதற்காக எடையைக் கண்டபடி குறைக்கவும் கூடாது. 3 கிலோவுக்குக் குறைந்த மேக்னம் (கூடுதல் வீரியமுள்ள தோட்டா போடும்) ரைஃபிள் உதைக்கிற உதையில், ட்ரிகரை இழுக்கும்போதே கண் மூடிவிடும்.

அமெரிக்காவின் வயோமிங் சமவெளியில் ப்ராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கை 300 கஜத்தில் படுத்துச் சுடும்போது கணக்கு தலைகீழ். அந்தத் தூரத்தில் துப்பாக்கியின் சிதறலும் மூன்று மடங்காகும். அங்கே கை ஆட்டம் 3 அங்குலம் என்றால், 1 அங்குல ரைஃபிளில் மொத்தம் 4.2, 2 அங்குல ரைஃபிளில் 6.7. அங்கே துல்லியத்துக்குக் காசு கொடுக்கலாம்.

மரக்கட்டை ஈரத்தில் உப்பிப் பேரலைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். பிறகு 8 அங்குலக் காகிதத் தட்டை 50 கஜத்தில் வைத்து, நின்றபடி ஐந்து குண்டு. ஐந்தும் தட்டில் விழுந்தால் 25 கஜம் பின்னால் போங்கள். ஒன்று வெளியே போனாலும், அதற்கு முந்தைய தூரம்தான் நின்று சுட உங்கள் எல்லை.