இரவு பத்து மணி மேஜை: நியூயார்க் பிரெஞ்சு பிராஸரியில் சாப்பிடுவது எப்படி

நியூயார்க்கில் பிராஸரி என்ற பிரெஞ்சு பாணி உணவகத்துக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் மெனுவைத்தான் தேடிப் படிக்கிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம். எட்டு மணிக்கு வரும் தட்டும் பத்தேகாலுக்கு வரும் தட்டும் ஒரே சமையலறையிலிருந்துதான் வருகின்றன. ஆனாலும் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பிராஸரி என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பீர் காய்ச்சும் இடம் என்று பொருள். பாரிஸில் இந்த வகைக் கடைகளைப் பரப்பியவர்களில் அல்சாஸ் பகுதிக்காரர்கள் முக்கியமானவர்கள். நியூயார்க்கின் ஸோஹோவில், பிரின்ஸ் தெருவில், 1975-ல் ராவுல்ஸ் உணவகத்தைத் தொடங்கிய செர்ஜ், கீ ராவுல் சகோதரர்களும் அல்சாஸ்காரர்களே. 1980-ல் ட்ரைபெகாவில் ஓடியன் வந்தது. அதன் கூட்டாளிகளில் ஒருவரான, லண்டனில் பிறந்த கீத் மெக்நாலி 1997-ல் ஸ்ப்ரிங் தெருவில் பால்தஸாரைத் திறந்தார். அங்கே தொடக்க காலத்தில் சமையலை நடத்திய ரியாத் நாஸ்ர், லீ ஹான்சன் இருவரும் 2018-ல் சொந்தமாக ஃப்ரெஞ்செட்டைத் தொடங்கினார்கள். சிவப்புத் தோல் பெஞ்சு, வயதான தோற்றம் தரும் பெரிய கண்ணாடிகள், மஞ்சள் வெளிச்சம், ஐஸ் மேல் அடுக்கிய சிப்பிகள் எல்லாம் பாரிஸ். பக்கத்திலேயே பர்கரும் மார்ட்டினியும் ப்ரன்ச் (brunch) என்ற காலை-மதிய உணவும் இருக்கும், அது அமெரிக்கா. இந்தக் கலவைக்காகத்தான் மக்கள் நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது நேரத்துக்கு வருவோம். ரெசி, ஓப்பன்டேபிள் மாதிரி முன்பதிவுச் செயலிகளில் பல கடைகள் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே மேஜைகளைத் திறந்துவிடும். ஏழிலிருந்து ஒன்பது வரையான மேஜைகள் நிமிடங்களில் போய்விடும். ஐந்தரையும் ஒன்பதே முக்காலும் மிஞ்சும். ஐந்தரையை எடுக்காதீர்கள். அறை பாதி காலி, கோடையென்றால் வெளியே பகல் வெளிச்சம் வேறு. இந்த இடத்துக்கு வந்ததன் பாதிப் பயன் போய்விடும். ஒன்பதே முக்காலை எடுங்கள். முதல் கூட்டம் எழுந்திருக்கும், பாட்டுச் சத்தம் கொஞ்சம் ஏறியிருக்கும், பரிமாறுபவருக்கு உங்களிடம் நின்று பேச நேரம் இருக்கும். ஒன்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: சமையலறை எத்தனை மணிக்கு ஆர்டரை நிறுத்தும்? கடை மூடும் நேரமும் அதுவும் ஒன்றல்ல. நியூயார்க்கில் மது அதிகாலை நான்கு மணி வரை ஊற்றலாம் என்பது சட்டம். அடுப்பு அதற்கு வெகு முன்பே அணைந்துவிடும்.

பதினைந்து நிமிடம் தாமதித்தால் பல இடங்களில் மேஜை கைமாறிவிடும். எல்லோரும் வந்து சேராமல் உட்கார வைக்கமாட்டார்கள். முன்பதிவு கிடைக்காதவர்களுக்குப் பார்தான் வழி. வாரநாளில், கடை திறப்பதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். ராவுல்ஸின் மிளகு பர்கர் பல ஆண்டுகளாகப் பாரில் உட்காருபவர்களுக்கு மட்டும், ஓர் இரவுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில்தான் கொடுக்கப்பட்டது. பார் இருக்கையை மட்டமாக நினைக்க வேண்டாம்.

மேஜையில் சுவரை ஒட்டிய நீள பெஞ்சு நல்ல இடம். அறை முழுவதும் தெரியும். எதிர் நாற்காலியில் உட்காருகிறவருக்காகத்தான் கண்ணாடியைச் சற்று முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள். தரையில் டைல்ஸ், சுவரில் கண்ணாடி, சத்தத்தை உறிஞ்ச துணி என்று எதுவும் இல்லை. அதனால் பேச்சு எதிரொலித்துக்கொண்டே இருக்கும். வயதான பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் மூலை மேஜை வேண்டும் என்று முன்பதிவுக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். போய் நின்று கேட்டால் கிடைப்பது அரிது.

மார்ட்டினியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுமார் 75 மில்லி ஜின், 15 மில்லி வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), அரை நிமிடம் ஐஸில் கலக்கி வடித்தது. கோப்பை சின்னது, ஆனால் அது ஒரு சாதாரணப் பானத்தின் இரட்டிப்புக்கு அருகில் வரும். சூடேறினால் ஜின் நெடி தூக்கும் என்பதால் எல்லோரும் வேகமாகக் குடிப்பார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ரொட்டியும் வெண்ணெயும் வந்த பிறகு தொடங்குங்கள். 21 வயது நிரம்பியதற்குச் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஆனியன் சூப் வந்ததும் கரண்டியைப் பாய்ச்சாதீர்கள். மேலே உருகிய க்ரூயேர் சீஸ் ஒரு மூடி. அடியில் இருக்கும் சாறு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஆவி வெளியேற வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில், சீஸ் கருகி ஒட்டியிருக்கும் இடத்தில், கரண்டி முனையால் இரண்டு இடங்களில் கீறிவிட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். அதற்குள் ரொட்டித்துண்டும் சாறு குடித்து இளகிவிடும். சீஸ், ரொட்டி, வெங்காயம் மூன்றும் ஒரே வாயில் வர வேண்டும்.

இந்த சூப்பில் வெங்காயம் மட்டும்தான் என்று நம்பிச் சைவக்காரர்கள் ஏமாறுவது வழக்கம். சாறு பெரும்பாலும் மாட்டு எலும்பில் எடுத்தது. ‘இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரலாம், துண்டு இல்லையே! ‘எந்த ஸ்டாக்’, அதாவது எதில் எடுத்த சாறு என்று கேளுங்கள். பருப்பு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு, சீசர் சாலட்டில் நெத்திலி வகை மீன், உருளைக்கிழங்கு வறுவலில் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு, மூஸ் என்ற நுரை இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். ஆட்டுப்பால் சீஸும் வெங்காயமும் வைத்த டார்ட் என்ற மாவுப் பண்டம் பெரும்பாலும் தேறும். முட்டையை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேக் ஃப்ரீட், அதாவது மாட்டிறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் இந்த வகைக் கடையின் அளவுகோல். பல இடங்களில் ஹாங்கர் என்ற துண்டு வரும். நார் தடிமனானது, சுவை அழுத்தமானது. உள்ளே 54 முதல் 57 டிகிரி செல்சியஸ், அதாவது பாதி வெந்த மீடியம் ரேர், அதற்கு ஏற்றது. 65-ஐத் தாண்டினால் நார் சுருங்கிச் சாறு வெளியே போய் ரப்பராகிவிடும். அப்புறம் சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டில் வந்ததும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே, விரல் தடிமனைவிட மெல்லியதாக வெட்டுங்கள். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் ஒவ்வொரு வாயும் கயிறு மெல்வது போலாகும்.

நன்றாக வெந்தால்தான் தொண்டையில் இறங்கும் என்பவர்கள் நம்மில் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஸ்டேக்கை ‘வெல் டன்’ கேட்காதீர்கள். வாத்து கான்ஃபி கேளுங்கள். உப்பிட்டு வைத்த தொடையை வாத்துக் கொழுப்பிலேயே இரண்டு மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, பரிமாறும்போது தோலை மொறுமொறுவென்று வறுப்பார்கள். எலும்பைத் தொட்டால் சதை கழன்று வரும். மாடு சாப்பிடாதவர்களுக்கும் இதுதான் என் முதல் சிபாரிசு.

இனி அந்த வறுவல். கிழங்கைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, குளிர்ந்த நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைக் கழுவி, 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு எடுத்து ஆறவைப்பார்கள். ஆர்டர் வந்த பிறகு 190-ல் இரண்டு நிமிடம். கூட்டம் முண்டும் எட்டு, ஒன்பது மணிக்கு ஒரே சட்டியில் கூடை கூடையாக இறக்குவதால் எண்ணெயின் சூடு சரியும். ஓடு இறுகுவதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும். துவண்ட வறுவலின் கதை இவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் சட்டிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. துவண்டு வந்தால் சாப்பிடத் தொடங்கும் முன் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள், புதிதாகப் போட்டுத் தருவார்கள். வறுவலை ஸ்டேக் சாஸிலிருந்து தள்ளியே வையுங்கள்.

ஒரு சொல் குழப்பம்: பிரான்சில் ‘ஆந்த்ரே’ என்றால் முதலில் வரும் தட்டு. அமெரிக்க மெனுவில் அதே எழுத்துகள் முதன்மை உணவைக் குறிக்கும். பாரிஸ் நினைவில் இரண்டு ஆந்த்ரே சொன்னால் இரண்டு முழுச் சாப்பாடு வந்து நிற்கும்.

பில்லுக்குக் கணக்கு போட்டுவிட்டே போங்கள். மெனு விலைகளின் கூட்டல் 200 டாலர் என்றால், நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம், 17.75 டாலர். டிப் 20 சதவீதம், 40 டாலர். ஆக 257.75. வரியை இரட்டிப்பாக்கினால் டிப் ஏறக்குறைய வந்துவிடும் என்பது உள்ளூர்க் குறுக்குவழி. ஆறு பேருக்கு மேல் போனால் டிப்பைப் பல கடைகள் பில்லிலேயே சேர்த்துவிடும்; பில்லில் அதைப் பார்க்காமல் மறுபடி 20 சதவீதம் எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. குளிர்காலத்தில் கோட்டு வாங்கி வைப்பவருக்குக் கொடுக்க ஒன்றிரண்டு டாலர் சில்லறை நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.