மகளுக்கு முதல் ஃபிடே ரேட்டிங் கிடைத்த கணக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் குடும்பத்தில் முறையாகச் செஸ் ஆடத் தொடங்கிய முதல் ஆள் என் மகள்தான். அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பில் பதிவு செய்யும் வேலை எளிதாகவே முடிந்தது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண், எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பிடிபடத்தான் நாளாயிற்று.

முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் பெற்றவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 26 மாதங்களுக்குள் வெவ்வேறு போட்டிகளில் ஆடியவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். ரேட்டிங் இல்லாத பிள்ளையை வென்றால் அந்தப் போட்டியில் புள்ளி உண்டு, ரேட்டிங் கணக்கில் அது சேராது. என் மகள் சந்தித்த 5 பேரின் சராசரி 1500. அவர்களிடம் அவள் எடுத்தது 2 புள்ளிகள். 2024 மார்ச் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, 1800 ரேட்டிங் உள்ள இருவருடன் சமன் செய்ததாக மேலும் இரண்டு ஆட்டங்களைக் கற்பனையாகச் சேர்க்கிறார்கள். அப்போது சராசரி 1586 ஆகிறது. 7 ஆட்டங்களில் 3 புள்ளிகள் என்பது 43 சதவீதம் என்பதால், ஃபிடேயின் அட்டவணைப்படி 50 கழித்து 1536 வந்தது. 1400க்குக் கீழே வந்திருந்தால் பட்டியலில் இடமே கிடைத்திருக்காது.

அதன்பின் ஒவ்வோர் ஆட்டமும் எதிராளியின் பலத்தைப் பொறுத்தே மதிப்புப் பெறுகிறது. தன்னைவிட 200 புள்ளிகள் அதிகமுள்ளவரிடம் அவளுக்கு எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளிதான், எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண் ரேட்டிங்குக்குப் புதியவர்களுக்கு 40 என்பதால், வென்றால் சுமார் 30 ஏறும், தோற்றால் 10க்குள்தான் இறங்கும். பலசாலியிடம் தோற்ற பிள்ளையை எந்தப் பெற்றோரும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

மற்ற விளையாட்டுகளில் கணக்கு வேறு. டென்னிஸில் கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்கு 2000 புள்ளிகள். 52 வாரங்களில் அவை கழன்றுவிடும். பேட்மிண்டன் உலகத் தரவரிசையிலும் 52 வாரங்களின் சிறந்த 10 போட்டிகளைத்தான் கூட்டுகிறார்கள். அங்கே யாரை வென்றோம் என்பதைவிட எந்தப் போட்டியில் எந்தச் சுற்றுவரை போனோம் என்பதே எண்ணாகிறது. ஊர் ஊராகப் பயணம் போகப் பணமில்லாதவர் ஏணியின் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவார். செஸ்ஸில் பெரம்பூரில் நடக்கும் ரேட்டிங் போட்டிக்கும் ஐரோப்பாவில் நடப்பதற்கும் சூத்திரம் ஒன்றுதான். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான முறையை நான் பார்த்ததில்லை.

இப்போது கட்டணம் கட்டுவதற்கு முன் ஆட்டக்காரர் பட்டியலில் ரேட்டிங் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்கிறோம். யாரையும் வெளியேற்றாமல், ஒத்த புள்ளி உள்ளவர்களைச் சுற்றுதோறும் மோதவிடும் சுவிஸ் முறையின் முதல் சுற்றில், ரேட்டிங் வரிசைப் பட்டியலின் மேல்பாதியினர் கீழ்பாதியினரைச் சந்திப்பதால், மேல்பாதி முழுக்க ரேட்டிங் உள்ளவர்களாக இருந்தால், புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் ஆட்டமே கணக்கில் சேரும்.