ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

ஒரு படம் எனக்குப் பிடித்ததா இல்லையா என்பதை நான் தியேட்டர் வாசலில் முடிவு செய்வதில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் யோசித்துப் பார்ப்பேன்: ஹீரோ, ஹீரோயின், வில்லன் மூன்று பேரையும் விட்டுவிட்டால், அந்தப் படத்தில் வேறு யார் மனசில் நிற்கிறார்கள்? நாலு பேராவது நின்றால் அது நல்ல படம். ஒருத்தரும் நிற்கவில்லை என்றால், எத்தனை கோடி வசூல் என்று யார் சொன்னாலும் எனக்கு அது நல்ல படம் இல்லை.

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு மச்சானோடு இரண்டாம் ஆட்டம் போவதுதான் என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவும் வருவார். கடையில் நாள் முழுக்க மனுஷர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதாலோ என்னவோ, திரையிலும் எனக்குக் கண் ஓரத்தில் நிற்பவர்கள் மேல்தான் போகிறது. இந்த 2025 முடிகிற நேரத்தில், போன வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால், மனசில் தங்கியவர்கள் பலரும் அப்படி ஓரத்தில் நின்றவர்கள்தான்.

முதலில் சொல்லவேண்டியது ‘லப்பர் பந்து’. 2024 செப்டம்பரில் வந்தது, தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் கிரிக்கெட் மைதானத்தில் சண்டை. கேட்டால் ஒரு வரிக் கதை. ஆனால் அதில் சுவாசிகா நடித்த யசோதை இருக்கிறாரே! புருஷன் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு ஓடுகிறான் என்று தெரிந்ததும் டிராக்டரோடு மைதானத்துக்கே வந்துவிடுகிறார். தியேட்டரில் விசில் பறந்தது. சிரிப்புக்காக மட்டும் வைத்த காட்சி என்றுதான் முதலில் தோன்றும். போகப் போகத்தான் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் வருஷங்கள் தெரிகின்றன. எல்லாரையும் எதிர்த்துக் கட்டிக்கொண்ட புருஷன், வளர்ந்து நிற்கும் பெண், கையில் நிற்காத காசு. அவர் அழுதால் நமக்கும் தொண்டை அடைக்கிறது. அட்டகத்தி தினேஷ் ‘கெத்து’ என்ற அந்தப் புருஷனாக நடித்தது எல்லாருக்கும் தெரியும். எதிரில் அப்படி ஒரு மனைவி இருந்ததால்தான் அந்தக் கெத்து நின்றது என்பேன்.

அதே படத்தில் தினேஷுக்கு அம்மாவாக வரும் கீதா கைலாசத்தையும் சொல்லவேண்டும். சினிமா மாமியார் என்றாலே மருமகளைக் கரித்துக்கொட்டுவார் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. இந்த மாமியார் அப்படி இல்லை. யசோதையும் அவரும் சேர்ந்து வரும் இடங்களில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் மெல்லப் புரிந்துகொள்வது தெரிகிறது. அடுத்த மாதமே ‘அமரன்’ வந்தது. அதில் சிவகார்த்திகேயனுக்கு அம்மா. பக்கத்து சீட்டில் இருந்த என் அம்மா முழங்கையால் இடித்து, “ஏன்டா, இது கெத்தோட அம்மாதானே?” என்றார். இந்த டிசம்பரில் அதே கீதா கைலாசம் கதைநாயகியாக ‘அங்கம்மாள்’ வந்திருக்கிறது. பெருமாள்முருகனின் ‘கோடித்துணி’ சிறுகதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் எடுத்த படம். ரவிக்கை போடாமலே வாழ்ந்துவிட்ட ஒரு கிராமத்து அம்மா. படித்த மகனுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. ரவிக்கை போடு என்கிறான். அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நம்மைக் கட்டிப்போடுகிறார் அந்த அம்மா. பீடி பிடிக்கும்போதும் சரி, பேரக்குழந்தையைத் தூக்கும்போதும் சரி, இடுப்பில் கை வைத்து நிற்கும்போதும் சரி, நடிக்கிறார் என்ற நினைப்பே வராது. ஓரத்தில் நின்ற ஒருவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல படம் இந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

ஆனால் அதைப் பார்க்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? சின்னப் படங்களுக்குக் காலை பதினொன்றரை மணிக்கு ஒரே ஒரு காட்சி கொடுக்கிறார்கள். கூட்டம் இல்லை என்று மூன்றாம் நாள் அதையும் எடுத்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவன் பதினொன்றரை மணிக்கு எப்படி வருவான்? பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்றில் இப்படி ஒரு படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால், காட்சியை மாற்றிவிட்டோம், வேறு படம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை.

‘மெய்யழகன்’ பற்றிச் சொல்லாமல் தஞ்சாவூர்க்காரன் எவனும் நகர முடியாது. என் அக்காவைக் கொடுத்த ஊர் நீடாமங்கலம். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்காமல் அந்த ஊருக்குள் போய்வந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே ஒரு கல்யாணத்துக்கு வரும் அரவிந்த்சாமி, தன்னை விழுந்து விழுந்து கவனிக்கும் கார்த்தியின் பெயர் தெரியாமலே ஒரு ராத்திரியைக் கழிக்கிறார். அந்த இருவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மறக்கவே மறக்காதது கல்யாண மண்டபத்தில் வரும் அந்த உறவுக்காரப் பெண். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, அரவிந்த்சாமியிடம் உன்னையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு மூன்று நிமிஷம் இருக்குமா? அதற்குள் ஒரு முழுக் கல்யாண வாழ்க்கை தெரிந்துவிடும். அவருக்குப் பின்கதை கிடையாது, பாட்டு கிடையாது, மறுபடி வருவதும் கிடையாது. மாமாவாக வரும் ராஜ்கிரணும் அப்படித்தான். குரல் லேசாக உடைவதிலேயே பழைய காலம் முழுவதும் வந்துவிடுகிறது.

அந்தப் படம் வெளியான சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டினார்கள். நீளம் என்று சொன்னவர்களுக்காக வெட்டினார்களாம். நான் வெட்டுவதற்கு முன்னாலும் பார்த்தேன், பின்னாலும் பார்த்தேன். போனது பெரும்பாலும் பேச்சு. கதைக்குத் தேவையில்லாத பேச்சு என்று ஒருவர் சொல்லலாம். ஊரில் ராத்திரி திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தேவையான பேச்சு மட்டுமா பேசுவார்கள்? இயக்குநர் பிரேம்குமார் அந்தத் தேவையில்லாததைத்தான் படமாக எடுத்திருந்தார். நாலே வாரத்தில் படம் ஓடிடிக்கும் வந்துவிட்டது. அதில் வந்ததும் வெட்டிய பிரதிதான். முழுப் படத்தையும் ஒரு நாள் எங்காவது திரும்பத் திரையிட்டால் கடையை மூடிவிட்டுப் போவேன்.

அப்புறம் இந்த வருஷம் ஜனவரியில் வந்த ‘குடும்பஸ்தன்’. மணிகண்டன் படம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறார். ஆனால் வீட்டுக்குள் நிற்கும் அப்பா யார் தெரியுமா? ஆர்.சுந்தர்ராஜன். ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘வைதேகி காத்திருந்தாள்’ எடுத்த அதே இயக்குநர். வீட்டைச் சரிபண்ணவேண்டும் என்ற ஒரே ஆசையை வைத்துக்கொண்டு அவர் பையனைப் பார்க்கும் பார்வையில் கேட்கத் தயங்குவதும் கேட்காமல் இருக்க முடியாததும் சேர்ந்தே இருக்கிறது. மாசக் கடைசியில் எங்கள் கடைக்கு வந்து, பத்து நாள் மாத்திரையில் நாலு நாளைக்கு மட்டும் கேட்கும் பெரியவர்களின் முகம் அது. மாப்பிள்ளை முறுக்கோடு வரும் குரு சோமசுந்தரம் இன்னொரு பக்கம். கோயமுத்தூர்ப் பேச்சு காதுக்கு அப்படியே இருந்தது.

இயக்குநர்கள் துணைப் பாத்திரத்தில் வந்து கலக்குவது இப்போது அடிக்கடி நடக்கிறது. ‘மகாராஜா’வில் சிங்கம்புலி செய்தது (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்) எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. ‘ரெட்’, ‘மாயாவி’ படங்களை இயக்கியவர். நமக்கெல்லாம் சிரிக்கவைக்கும் மனிதராகத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தையே வைத்து இயக்குநர் நித்திலன் நம்மை ஏமாற்றுகிறார். சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் ஒரே நிமிஷத்தில் உறைந்துபோனது.

மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த குடும்பம், சென்னையில் ஒரு காலனிக்குள் மறைந்து வாழப் பார்க்கிறது. அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு கஷ்டம். குமரவேல் நடித்த பெரியவரின் மனைவி இறந்துபோகும் இடத்தில், முகம் தெரியாத அந்தத் தெருவே அந்த வீட்டுக்கு வந்து நிற்கிறது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முன்னாடி நம்ம தெருவும் இப்படித்தான் இருந்துச்சு” என்றார். எம்.எஸ்.பாஸ்கர் பேசவே தேவையில்லை, நின்றாலே போதும். ‘பார்க்கிங்’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது அறிவித்தபோது கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். இத்தனை வருஷம் டப்பிங், சீரியல், காமெடி என்று உழைத்த மனிதர்.

‘பைசன்’ பார்த்து நான் கலங்கியது பசுபதியால். மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த படம். நிஜ கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர். துருவ் விக்ரம் உடம்பை வருத்தி உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் மகன் கபடிக்குப் போனால் ஊர்ச் சண்டையில் அரிவாளுக்கு இரையாகிவிடுவானோ என்று நடுங்கும் அப்பன்தான் எனக்குப் படம். திட்டும்போதும் பயம், கும்பிடும்போதும் பயம், மகன் ஜெயித்த பிறகும் அந்தப் பயம் முகத்தை விட்டுப் போகவில்லை.

இப்போது ‘கூலி’க்கு வருகிறேன். ரஜினி நடிக்க வந்து 50 வருஷம் ஆன ஆகஸ்டு. ஏ சான்றிதழ் என்பதால் பதினாலு வயசு அக்கா மகனைக் கூட்டிப்போக முடியாமல் அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரஜினியை எனக்கு உயிர். நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான், சத்யராஜ், சௌபின் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பெரிய ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். சௌபினைத் தவிர யாருமே என்னோடு வீட்டுக்கு வரவில்லை. வருகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள், இசை அதிர்கிறது, போகிறார்கள். இதே லோகேஷ் கனகராஜ்தான் ‘கைதி’யில் ஜார்ஜ் மரியானை நெப்போலியன் என்ற போலீஸ் ஏட்டாகப் போட்டார். அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்த வயசான ஏட்டு, சில கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றுகிறார். கார்த்தி லாரியில் வந்துகொண்டிருக்கும்போது நம் உயிர் அந்த ஏட்டிடம் இருந்தது. அதைச் செய்தவருக்குப் பத்து ஸ்டார் எதற்கு? ‘கைதி 2’ எப்போது எடுத்தாலும் நெப்போலியன் ஏட்டு வரவேண்டும் என்பதே என் வேண்டுதல்.

அதனால்தான் ‘ஜெயிலர் 2’ பற்றி யார் கௌரவ வேடத்தில் வருகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. முதல் பாகத்தில் மோகன்லாலுக்கும் சிவராஜ்குமாருக்கும் கைதட்டினேன். ஆனால் அந்தப் படத்தை நிமிர்த்தியது வில்லன் வர்மனாக வந்த விநாயகன். வர்மன் போல ஒருவர் இரண்டாம் பாகத்தில் இல்லையென்றால் கைதட்டல் வாசலோடு முடிந்துவிடும்.

2026 பொங்கலுக்கு என்று அறிவித்த ‘பராசக்தி’ மேல் நம்பிக்கை இருக்கிறது. அறுபதுகளின் இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டம் களம். நம்பிக்கைக்குக் காரணம் சுதா கொங்கரா. ‘சூரரைப் போற்று’ படத்தில் அப்பாவின் சாவுக்கு வந்து சேர முடியாத மகன் முன்னால் ஊர்வசி உடைந்து அழும் காட்சியை எழுதியவர் அவர். அதே பொங்கலுக்கு என்று விஜய்யின் ‘ஜன நாயகன்’ படத்தையும் அறிவித்தார்கள். கடைசிப் படம் என்பதால் ஊரே அவரைத்தான் பார்க்கும். ஹெச்.வினோத் முன்பு ‘சதுரங்க வேட்டை’யில் இளவரசுவை மண்ணுளிப் பாம்போடு உட்காரவைத்த மாதிரி ஒருவரையாவது உள்ளே வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் விட நான் காத்திருப்பது வெற்றிமாறன், சிலம்பரசன் சேரும் ‘அரசன்’ படத்துக்கு. வட சென்னை உலகத்துக் கதையாம். ‘வட சென்னை’ 2018இல் வந்தபோது முதல் காட்சியே என்னைப் பிடித்துக்கொண்டது. கொலையை முடித்துவிட்டு நாலு பேர் ஹோட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஹீரோ இன்னும் வரவே இல்லை. குணா, செந்தில், வேலு, பழனி என்று அந்த நாலு பேருக்குள் யார் யாரை வெட்டப்போகிறார்கள் என்பதுதான் மொத்தப் படமும். நடுவில் அமீரின் ராஜன், ஆண்ட்ரியாவின் சந்திரா. ‘தம்பி’யாக வந்த டேனியல் பாலாஜி 2024 மார்ச்சில் காலமாகிவிட்டார், அந்த இடத்தை இனி யாராலும் நிரப்ப முடியாது. சந்திரா கதையில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது. சிம்பு எப்படி வருவார் என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் கேட்பது சந்திரா வருவாரா என்பதைத்தான்.