ஓடிபி சொல்லுங்க சார்

அம்மாவின் மிக்ஸி ஜாரோடு கூரியர் தம்பி வாசலில் நிற்கிறார். ஆறு இலக்கத்தைப் படித்துச் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் போன் அப்பாவிடம் மாட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். 720720. போச்சு என்று நினைத்தேன்.

"தம்பி, இது என்ன எண் தெரியுமா?"

"அதைத்தான் சார் கேக்குறேன்."

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. "ஒன்றிலிருந்து பதினாறு வரை எதால் வகுத்தாலும் மீதி வராது. அப்படி இருக்கிற எண்களில் இதுதான் ஆகச் சின்னது. காரணிகள் மட்டும் 240! இதற்குக் கீழே இத்தனை காரணி உள்ள எண்ணே கிடையாது."

இந்த மாதிரி எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அது எங்கள் வீட்டுப் பல்லிக்கும் தெரியும். அப்பா காய்கறி வாங்கப் போனாலும் சாரங்கபாணி சன்னதித் தெருவைச் சுற்றி, அவர் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவார். கும்பகோணத்தில் பிறந்தவர் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் கோபம் வரும். பிறந்தது ஈரோடாம், வளர்ந்ததுதான் இங்கேயாம்.

இந்த நேரத்தில் அந்தத் தம்பி ஒரு காரியம் செய்தார். "பதினேழால வகுபடாதா சார்?" என்று கேட்டுவிட்டார்.

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது அப்பா முகம். பெற்ற பிள்ளைகள் நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. "மீதி அஞ்சு வரும்ப்பா" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே பார்த்து இரண்டு காபி என்றார். நான் கேட்டால் பால் இல்லை என்கிற வீடு இது.

"எந்த மூன்று இலக்க எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தரம் எழுது. 1001-ஆல் பெருக்கின மாதிரி. 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். அதனால் அந்த மூன்று எண்களாலும் வகுபடும்." தம்பி போனில் 358358 போட்டு வகுத்துப் பார்த்து, "அட, ஆமா சார்!" என்றார். அதற்குள் ஓடிபி காலாவதி.

அடுத்து வந்த எண் இரண்டால்கூட வகுபடவில்லை. அப்பா அதை ஒரே மூச்சில் படித்துக் கொடுத்துவிட்டார்.

தம்பி போனதும் அம்மா கேட்டாள்: "காலையில கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

"ராமானுஜனே அந்தக் கட்டுரையில் போட்ட பட்டியலில் ஓர் எண்ணை விட்டுட்டார். 293318625600. அதுக்கு 5040 காரணி!"

"அவர் விட்டதில நம்ம வீட்டு ரசம் நிக்கலையே. செருப்பை மாட்டுங்க. நேர் வழியாப் போயிட்டு வாங்க."